தட்டில் வைத்த ரேம்

மாடியில் குடியிருப்பவர் நேற்று காலை படியிறங்கி வந்து, கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்கிவிட்டதாகச் சொன்னார். எந்தக் கடை என்று கேட்டேன்.

“கடையா? இட்லி வேகுறதுக்குள்ள போன்லயே முடிச்சிட்டோம் சார்.”

போனைக் காட்டினார். திரையில் நாலு வகை, ரேமில் மூன்று வகை, சேமித்து வைக்கும் இடத்தில் மூன்று, நிறத்தில் இரண்டு. பெருக்கிப் பார்த்தேன். எழுபத்திரண்டு விதமாக வாங்கலாம். எழுபத்திரண்டில் ஒன்றைப் பொறுக்கும்போது வீட்டில் யாரையாவது கேட்டீர்களா என்றேன். “எதுக்கு சார் கேக்கணும்?” என்றார். நான் கீழ் வீட்டில்தான் இருக்கிறேன். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் நூலின் தடிமனை அளந்தவன். இந்தத் தெருவில் எவர் வீட்டு மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் ஒரு லேப்டாப் இந்தக் கட்டடத்துக்குள் வருகிறது. நாடு முன்னேறிவிட்டது, வேறென்ன சொல்ல.

நீங்களே சொல்லுங்கள். ஆறேழு வருடம் முன்பு என் பேத்தி தர்ஷினி, மகள் சாந்தியின் பெண், திண்டுக்கல்லில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அப்போது ஒரு லேப்டாப் வாங்க எங்கள் குடும்பம் பட்ட பாட்டில், நூறு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் செய்திருக்கலாம். உண்மையில் அது தாய்மாமன் சீர்தான். அதுதான் வினை.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் ஆகிய மூன்றுக்கும் தாய்மாமன் தட்டு தூக்கி வருவான். நாலாவதாகக் கல்லூரிச் சேர்க்கையையும் அந்தப் பட்டியலில் சேர்த்த பெருமை என் மகன் முருகேசனுக்கு உண்டு. நான் அத்தனை படிக்க வைத்தும் படிப்பு ஏறாமல், அம்மா வழியில் வந்த நிலக்கோட்டைத் தோட்டத்தில் மல்லிகை போட்டுக்கொண்டிருப்பவன். தர்ஷினி சடங்கின்போது ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடந்தது. அவன் கொண்டுவந்தது மொத்தம் ஐந்து தட்டு. அதை எண்ணிப் பார்த்தது நான் மட்டுமல்ல. சாந்தியின் நாத்தனார் வாசலிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பரவால்லயே, தாய்மாமன் ஒத்தக் கையிலயே தூக்கிட்டு வந்துட்டாக” என்றாள்.

அந்த ஒத்தக் கை முருகேசனின் நெஞ்சில் ஐந்து வருடம் கிடந்தது. மருமகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்றே, மல்லிகை வாசனையோடு வேனிலிருந்து இறங்கி வந்து நின்றான். “அந்த லேப்டாப்பு என்னோட சீருப்பா. யாரும் குறுக்க வரக் கூடாது. நாப்பதாயிரம் எடுத்து வச்சிருக்கேன்.” அதற்கு மேல் போனால் தோட்டத்து மோட்டாரை விற்க வேண்டும். அதையும் அவனே சொன்னான், ஏதோ மோட்டாரையும் தட்டில் வைக்கப்போகிறவன் போல.

சீரில் ஒரு விதி உண்டு. கொடுப்பவன் கொண்டுவருவான், வாங்குபவர் வாயைத் திறக்கக் கூடாது. பட்டு பிடிக்கவில்லை, கரை அகலம் போதவில்லை என்று எந்தப் பெண்ணாவது மாமனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பிறகு மாமன் வரமாட்டான். ஆகவே தர்ஷினி மாமனிடம் பேசவில்லை. என்னிடம் வந்தாள்.

“தாத்தா, மாமா எத வேணா வாங்கட்டும். ரேமு எட்டு ஜிபிக்குக் கொறையாம இருக்கணும். கொறஞ்சா படம் வரையிற சாஃப்ட்வேர் நின்னுரும். நாலு வருசமும் அதுலதான் வரையணும்.”

ரேம் என்றால் என்ன என்று கேட்டேன். இயந்திரம் சாமான்களைப் பரப்பிவைத்து வேலை பார்க்கிற மேசை என்றாள். மேசை சின்னதென்றால் ஒன்றை மடித்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு விஷயம் எனக்கு ஒழுங்காக விளக்கப்பட்டது அன்றுதான்.

நானும் முருகேசனும் அவன் மனைவி செல்வியும் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். தர்ஷினி வரவில்லை. சீரை முன்கூட்டிப் பார்ப்பது முறையில்லையாம். அதாவது நாலு வருடம் அதில் வேலை செய்யப்போகிறவளைத் தவிர மற்ற எல்லோரும் போகலாம். வியாபாரம் நடத்த இதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை. கடைக்காரரும் அதைப் புரிந்துகொண்டவர் போல நாற்காலி போட்டார்.

முருகேசன் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, தட்டுல வச்சா தெரியிற மாதிரி ஒண்ணு காட்டுங்க.”

கடைக்காரர் இரண்டு இயந்திரங்களை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், பதினேழு அங்குலத் திரை, தட்டச்சுப் பலகைக்கு அடியில் சிவப்பு விளக்கு. சீரியல் விளக்கு போட்ட கல்யாண வீடு மாதிரி இருந்தது. விலை சரியாக நாற்பதாயிரம். ரேம் நாலுதான், அதற்கு மேல் சேர்க்கவும் வழியில்லை. இன்னொன்று கறுப்பு, பதினாலு அங்குலம், துக்க வீட்டுக்கு வந்தது போல அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அதிலும் ரேம் நாலுதான். ஆனால் விலை குறைவு, மூளை வேகமானது, உள்ளே இன்னொரு ரேம் செருக இடம் காலியாக இருந்தது, மிச்சப்படும் பணத்தில் எட்டு ஜிபி வாங்கிப் போடலாம். நாலும் எட்டும் பன்னிரண்டு.

நான் பன்னிரண்டு என்றேன். முருகேசன் பதினேழு என்றான். பதினேழுதானே பெரிது என்று கடைக்குள் நின்ற இன்னொரு வாடிக்கையாளரும் சொன்னார். கணக்குத் தெரிந்தவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள்.

“இதப் பாருங்கப்பா.” முருகேசன் கறுப்பு இயந்திரத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினான். தூக்கிய வேகத்தில் அவன் முகம் மாறியது. ஒத்தக் கை. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெள்ளியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“படிக்கிற பிள்ளைக்குடா வாங்குறோம்” என்றேன்.

“பிள்ளைக்குத்தான்பா. ஆனா நாலு பேரு பாக்கத்தான தட்டுல வைக்கிறது? நீங்க சொல்ற ரேமு எங்க இருக்கு? வெளிய தெரியுமா?”

தெரியாது என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார். என் வாதம் அத்தோடு செத்தது.

அதுவரை பேசாமல் இருந்த செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். தினமும் விடியலில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்களை அழவைத்துவிட்டு வருகிறவள். “ஏண்ணே, அந்த ரேமு தனியா டப்பாவுல வருமா?”

“வரும்க்கா. நானே மாட்டித் தந்துடறேன்.”

“மாட்டாதீக. உள்ள போயிட்டா யாரு பாப்பா? தனியாக் குடுங்க.” பிறகு புருஷனிடம் திரும்பினாள். “கறுப்பு ஒரு தட்டு. ரேமு ஒரு தட்டு. அந்த வெள்ளி என்னதான் மினுக்குனாலும் ஒரே தட்டுதான? எண்ணத் தெரியாதா ஒனக்கு?”

முருகேசன் செத்த நேரம் யோசித்தான். யோசித்தான் என்றால் விரல்விட்டு எண்ணினான். “ரெண்டு தட்டு” என்றான். முகம் மலர்ந்துவிட்டது. தொழில்நுட்பம் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கல்லூரி திறக்க இரண்டு நாள் இருக்கையில் சாந்தி வீட்டில் வைபவம். பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, சேலைத் தட்டு என்று பதினொன்று வந்தன. இடையில் மல்லிகைச் சரம் சுற்றிய கறுப்பு லேப்டாப். அதற்குப் பின்னால் முருகேசன் இரண்டு கையாலும் ஏந்தி வந்தான் ஒரு பெரிய தாம்பாளத்தை. அதன் நடுவில் செல்வியின் தோடு வாங்கிய சிவப்பு வெல்வெட் பெட்டி. பெட்டிக்குள் விரல் நீளத்தில் பச்சைப் பட்டை, ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள்.

சாந்தியின் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “இது என்ன முருகேசா, நெத்திச்சுட்டியா?”

“இதுதான் மதினி ரேமு. இது இல்லேன்னா அது வெறும் பெட்டி.”

“தங்கமா இருக்கே! எத்தன பவுனு?”

முருகேசன் தாம்பாளத்தை அவள் பக்கம் நீட்டினான். சிரித்தான், அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கான சிரிப்பு. நாத்தனார் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். கூடம் முழுக்கச் சுற்றியது. சந்தனக் கிண்ணம் எதிர்த் திசையில் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சந்தன வாசனை என்றதும் எனக்கு மில்லில் முதன்முதல் கம்ப்யூட்டர் வந்த நாள் ஞாபகம் வருகிறது. தொழிலாளி பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருக்க, அதற்கு மட்டும் குளிர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசைக்கு வந்த ஐயர் நெருங்கி, ஃப்ளாப்பித் தட்டு செருகுகிற வாயில் சந்தனத்தை அப்பிவிட்டார். அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் போட்ட கூச்சலில் தேங்காய் உடைப்பதே நின்றுபோனது. அடுத்த ஆயுத பூசைக்கு முன்பே இயந்திரத்தின் தலையில் ‘பொட்டு இங்கே வைக்கவும்’ என்று அம்புக்குறியோடு தாள் ஒட்டிவிட்டார்கள். ரேமில் அப்படி யாரும் ஒட்டி அனுப்பவில்லை.

யாரோ ஒரு புண்ணியவதி, மங்கலப் பொருளுக்கு வெறும் நெற்றி எதற்கு என்று, தங்கப் பற்களின் மேலேயே சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். பெட்டி தர்ஷினி கைக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சாவு வீட்டுச் செய்தியைச் சபையில் கேட்டவள் மாதிரி இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே மாமன் காலில் விழுந்து எழுந்தாள். விதி விதிதான்.

அன்று சாயங்காலமே கடைக்கு ஓடினோம். இந்த முறை தர்ஷினியும் வந்தாள். கடைக்காரர் துணியால் துடைத்து, லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றிச் செருகினார். விசையைத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி தட்டினார். கறுப்பு.

“வாரண்டி இருக்குல்ல?” என்றான் முருகேசன்.

“கம்பெனிக்காரன் தண்ணி, தீ, எலி கடிச்சது எல்லாம் எழுதிருக்கான் தம்பி. சந்தனத்துக்கு என்ன எழுதுவான்? புதுசு ஒண்ணு போட்டுரலாம்.”

புதுசு போடப் பணம் இல்லை. நாற்பதாயிரமும் முடிந்திருந்தது. என் பென்ஷன் வர இன்னும் நாள் இருந்தது. முருகேசன் கடைப் படியில் போய் நின்றுகொண்டு பேருந்துகளைப் பார்த்தான். மருமகளின் படிப்பையே கெடுத்துவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் முதுகு அப்படித்தான் இருந்தது.

தர்ஷினி பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்தாள். போனில் எங்கோ படித்திருக்கிறாள். பற்களின் மேல் பக்கம் ஒரு தடவை, அடிப் பக்கம் ஒரு தடவை எனப் பொறுமையாகத் தேய்த்தாள். ரப்பர் துகளோடு மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்தது. ஊதிவிட்டு அவளே செருகினாள். திரையில் வெளிச்சம் வந்தது. ஓரத்தில் பன்னிரண்டு என்று காட்டியது. நானும் கூட்டிச் சரிபார்த்தேன்.

“மாமா, வாங்க. நீங்க குடுத்தது ஓடுது.”

முருகேசன் திரும்பி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். “ஓடுதா தாயி?” என்றான். செல்வி குறுக்கே வந்தாள். “இனி எவளாச்சும் ஒம் பொருள்ல பொட்டு வைக்க வந்தா கைய மடக்கிரு.”

நாலு வருடமும் முருகேசன் தோட்டத்திலிருந்து போன் போடும்போது சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான். ரேமு நல்லாருக்கா என்றுதான் கேட்பான். அவளும் நல்லாருக்கு மாமா என்பாள், ஏதோ ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரி.

படிப்பு முடிந்து இப்போது சென்னையில் வேலை. போன தீபாவளிக்குச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய லேப்டாப்போடு வந்தாள். அப்பளம் மாதிரி இருந்தது. முருகேசன் அதைக் கவனமாகத் திருப்பினான். அடிப்பக்கம் வழவழவென்று கிடந்தது. தடவித் தடவித் தேடினான்.

“ரேமு எங்கிட்டு மாட்டுறது தாயி?”

“எடமே கெடையாது மாமா. செய்யும்போதே உள்ள வச்சு ஒட்டிர்றாங்க. பெறகு யாரும் எதுவும் போட முடியாது.”

“யாருமேவா?”

“யாருமே.”

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. பைக்குள் ஒரு சின்ன டப்பா துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். செல்வியும் பார்த்துவிட்டாள். “நாந்தான் சொன்னேன்ல, பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குன்னு.”

“சீரு வாங்கயில எவனாச்சும் கேட்டுட்டு வாங்குவானா?” என்றான் முருகேசன்.

இப்போதெல்லாம் அவரவருக்கு வேண்டியதை அவரவரே பிழையில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். மிகவும் சௌகரியம். வாங்கிக்கொண்டு வருகிற ஆள்தான், சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறான்.