நாரணாபுரத்தில் ஜாவா காங் ஒலித்த அன்று

சீன எர்ஹு, ஜப்பான் கோட்டோ, மங்கோலியக் குதிரைத்தலை வாத்தியம் என்று பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வியாபாரம் பேசப் போன நாடுகளில் எல்லாம் இசைக்கருவிகளாக வாங்கிச் சேர்த்திருந்தார். அவற்றை வைத்து நாரணாபுரத்தில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அதன் காப்பாளராக நான் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது.

முதலாளியின் மகளுக்குச் சம்பந்தம் பேச விருதுநகரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பருப்பு மில்காரர். எந்த வாத்தியத்தைக் காட்டினாலும் "ம்" என்பதற்கு மேல் பேசவில்லை. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் ஜாவாவிலிருந்து வந்த காங்கின் முன் நின்றோம். வண்டிச் சக்கரம் அளவுக்குத் தொங்கும் வெண்கல வட்டு.

"இத அடிச்சுக் காட்டுங்க மேடம்" என்றார் முதலாளி.

"மெதுவாத்தான் தட்டணும் சார். இல்லைன்னா கீறல் விழுந்திரும்."

"அம்புட்டுத் தூரத்துலருந்து தூக்கியாந்தது சும்மா தொங்கவா?" என்று என் கையிலிருந்த கட்டையை வாங்கி, அவரே ஓங்கி ஒரு அடி அடித்தார்.

கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன. பெரியவர் முதல்முறையாக, "அடேயப்பா!" என்றார். முதலாளி முகம் மலர்வதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

"ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

அந்தப் பக்கம் இருந்தது அவருடைய பட்டாசு ஆலை. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே பாய்ந்தார். பின்னாலேயே பெரியவர், ஒரு செருப்போடு. இரண்டு கையாலும் காங்கைப் பிடித்து அதிர்வை அடக்கிவிட்டு நானும் ஓடினேன்.

ஆலையை விட்டு ஓடிவந்த பெண்களோடு சாலைக்கு அப்பால், கருவேல மரங்களுக்கு நடுவே எல்லோரும் மூச்சு வாங்க நின்றோம். புகையும் இல்லை, வெடிச் சத்தமும் இல்லை. மேஸ்திரி கருப்பாயி ஒவ்வொரு பெண்ணாகத் தொட்டுப் பார்த்து, யாரும் உள்ளே மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் திரும்பினார்.

"நீங்க எதுக்கு மொதலாளி ஓடியாந்தீக?"

"நீங்க கத்துனீக, ஓடியாந்தேன். எந்த ரூம்ல தீ?"

"தீயா? ஆபத்துன்னாத்தான எங்களுக்கு மணி அடிப்பீக? மணிச்சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தோம். அடிச்சது எவன்?"

முதலாளி தன் கையைப் பார்த்தார். கட்டை இன்னும் அதில்தான் இருந்தது.

முதலில் சிரித்தது மில்காரர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்களும் சிரித்தார்கள். கருப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மறுபடியும் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போட்டது எதுன்னு கண்ணால பாக்காம ஒருத்தியும் வேலைக்குப் போக மாட்டோம்" என்றார்.

அப்படித்தான் எங்கள் அருங்காட்சியகத்துக்கு முதல் கூட்டம் வந்தது. சம்பந்தமும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. "ஆபத்துன்னதும் தொழிலாளிகளத் தேடி ஓடுன மனுசன். பொண்ணு எடுக்கலாம்" என்றார் மில்காரர். யார் உண்டாக்கிய ஆபத்து என்பதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

எதை எப்படித் தட்டுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன சொல்லும் என்று யோசித்ததில்லை. இப்போதெல்லாம் காங்கைத் தொடுவதற்கு முன் நானே நடந்துபோய்க் கருப்பாயியிடம் சொல்லிவிடுகிறேன். அவர் சரி என்ற பிறகுதான் அடிப்பது, அதுவும் மெதுவாக.