யூசுப் பாய் எழுதிக் கொடுத்த நாலு வரி

யூசுப் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... "அத்தா தூக்கத்துலயே போயிட்டாருக்கா."

திருவண்ணாமலை பஜாரில் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் பாத்திரக் கடைக்கு அவர்தான் சேல்ஸ் டாக்ஸ் கன்சல்டன்ட். கட்டம் போட்ட சட்டை, தோளில் ரெக்சின் பை, எதற்கும் அவசரப்படாத நடை.

பௌர்ணமிக் கூட்டத்தில் கல்லாப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "பில்லு வாங்கினு போங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவரை டாக்ஸ் ஆபீசர் என்று நினைத்துப் பயந்து, எடுத்த குடத்தை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. என் கணவர் பல்லைக் கடிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், தீபத்துக்கு முந்தைய வாரம் சேல்ஸ் டாக்ஸ் ஸ்குவாட் சோதனைக்கு வந்தது. பில் போடாமல் விற்ற துண்டுச் சீட்டுகள் சிக்கின. தப்பு எங்களுடையதுதான். ஆனால் பிறகு வந்த ஆர்டரில் வரியும் அபராதமும் சேர்ந்து, கடையை விற்றாலும் கட்ட முடியாத தொகை.

முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். இல்லையென்றால் ஜப்தி. பேப்பரை பாயிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

முப்பத்து நான்காம் நாள், ஷட்டரைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா, தேதி தாண்டிடுச்சி. பொண்ணு பிரசவம்னு ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டேன். பேப்பர் என் பையிலயே கெடந்துச்சி. என் தப்பு."

நடுத்தெருவில் அவரை என்னென்னவோ பேசிவிட்டேன்...

தக்க காரணம் காட்டினால் தாமதமான அப்பீலையும் எடுத்துக்கொள்வார்களாம். கணவர் ஒரு வழி சொன்னார். "இவளுக்கு மஞ்சக் காமாலைன்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிடலாம் பாய். எல்லாரும் அதான பண்றாங்க."

"அந்த நாளெல்லாம் அம்மா கையெழுத்துல பில்லு இருக்குதே சார். காமாலைக்காரங்க எப்படி கடையில ஒக்காந்தாங்கன்னு கேப்பாங்க. வாணாம்... நானே எழுதித் தரேன்."

நாலே வரி எழுதினார். தாமதத்துக்குக் காரணம் ஆலோசகரான தன் கவனக்குறைவு, வியாபாரியின் மேல் தவறில்லை என்று. கீழே கையெழுத்து.

வேலூரில் ஹியரிங். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "இத வெச்சி உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா? அப்புறம் யாரு உங்ககிட்ட கேஸ் குடுப்பாங்க?"

"தெரியும் சார்" என்றார் பாய். அவ்வளவுதான்.

அப்பீலை ஏற்றுக்கொண்டார்கள். அபராதம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதியைத் தவணையில் கட்டி முடித்தோம். கடை தப்பியது.

ஆனால் விஷயம் பஜாரில் பரவி, மூன்று பெரிய கடைக்காரர்கள் அவரிடமிருந்து பைலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எங்களிடம் அவர் மூச்சு விடவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

கேட்டதற்குச் சிரித்தார். "வேலை கம்மியானா நல்லதுதாம்மா... பேத்திய மடியில வெச்சினு ஒக்காந்திருக்கலாம்."

வாசலில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். டீ சொல்லச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கணவர் ஷட்டரை இறக்கிவிட்டு அங்கே கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

பொறுமையா போய் வாங்க பாய்...