சோடியத்துக்கு எது ஜோடி?

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். அயனிப் பிணைப்பு நடத்த என்னிடம் ஒரு கல்யாணக் கதை இருந்தது. சோடியம் தன் கடைசி எலெக்ட்ரானைக் குளோரினுக்குத் தாரை வார்த்துக் கொடுக்கும், அதோடு இரண்டும் ஜோடி, அதுதான் உப்பு. பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியாது.

ஒருநாள் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஒரு உப்புக் கல்லுல எத்தினியோ சோடியம் நெருக்கிக்கினு இருக்கும். அதுல எந்த சோடியத்துக்கு எந்த குளோரின் ஜோடி?"

"பக்கத்துல இருக்கிறதுதான்."

"எல்லாப் பக்கமும் இருக்குமே டீச்சர். துணியில நெடுக்க ஓடுற ஒரு பாவு இழைக்கு ஒரு ஊடை இழைன்னா இருக்குது? குறுக்கே வர்ற எல்லாத்தோடயும் மாட்டிக்கினுதானே நிக்குது. உப்பும் அப்படித்தானோ?"

வகுப்பே என்னைப் பார்த்தது. பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். "தறியை வீட்டுல வெச்சிட்டு வா. போ, வெளியே நில்லு" என்றேன். மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணுக்குப் படிப்பு ஏறுதாம்மா? ஏறுதுன்னா காலேஜுக்கு அனுப்பறேன். இல்லன்னா தறியில உக்காரட்டும். நீங்க சொல்றதுதாம்மா."

எனக்கு எரிச்சல் இன்னும் ஆறவில்லை. "சுமார்தான்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் பரீட்சை எழுதினாள், பாஸானாள், தறியில் உட்கார்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து, கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மர உருண்டைகளைக் கம்பிகளில் செருகி, உப்புப் படிகத்தின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். "உப்புக் கல்லுக்குள்ள ஜோடின்னு ஒண்ணு கிடையாது" என்றார் பாடம் எடுத்தவர். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்த நெசவாளர் வீட்டுப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். யாரும் சொல்லித்தராமல், பாவையும் ஊடையையும் பார்த்தே அவள் வந்து சேர்ந்த இடம் இது. அங்கிருந்துதான் அவளை நான் வெளியே துரத்தியிருக்கிறேன். பாவி, பாவி என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த மாதிரியைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, தண்ணீர் கொடுத்தாள். தாளை நீட்டினேன்.

"அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பு."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கட்டம் நல்லா இருக்குது. நான் என்னா சொன்னேன் டீச்சர்?"

சோடியம், குளோரின், ஜோடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வெயில்ல நின்னது ஞாபகம் இருக்குது. கேட்டது ஞாபகம் இல்ல டீச்சர். நமக்கெல்லாம் எங்க படிப்பு ஏறுது? நீங்கதான் அப்பாகிட்ட சொன்னீங்களே, சுமார்தான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதை நம்பியிருந்தாள்.