மூடியில் ஒரு வாய் தயிர்சோறு

டாக்டர் விசாலம் காலமான செய்தி வந்தபோது நான் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மண்டி மொஹல்லாவில் அவர் நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள் நான். வெளியே குழந்தைகள் காத்திருந்தார்கள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் குழந்தையைக் கூப்பிட்டேன். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அவரிடம் நிறைய வருவார்கள். சாப்பாட்டில் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் டாக்டருக்குக் கோபம் வரும். நிறமோ மணமோ கொஞ்சம் மாறினாலும் இவர்களில் பலரால் விழுங்க முடியாது என்பார். பெற்றோரின் பேச்சை மட்டும் நம்பாமல், குழந்தையின் அன்றைய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவரச் சொல்வார். தரையில் அருகே உட்கார்ந்து, பாதிக் கன்னடத்தில், "ஒந்து துத்து கொடுப்பியா கண்ணு?" என்று ஒரு வாய் கேட்பார். குழந்தையாகத் தந்தால் மட்டுமே டப்பா மூடியில் வாங்கிச் சாப்பிடுவார். எத்தனை ஊசிப்போன சாம்பார் அவர் வயிற்றுக்குள் போனது என்பது எனக்குத்தான் தெரியும்.

பவித்ராவை அவள் அப்பா தோளில் தூக்கி வந்தார். ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். ஆறு வயதுப் பெண், பேச்சு கிடையாது, திடீரென்று நடப்பதையும் நிறுத்திவிட்டாள். போன இடமெல்லாம் ஆட்டிசம்தான் காரணம் என்று சொல்லிவிட்டார்களாம். டாக்டர் ஒரு வாய் கேட்டார். வெகுநேரம் கழித்து மூடி நகர்ந்து வந்தது. வெறும் தயிர்சோறு. வருடக்கணக்காக அதுவும் பிஸ்கட்டும்தான். அவள் மென்றபோது டாக்டர் ஈறுகளைப் பார்த்தார். வீங்கி, ரத்தம் கசிந்தது.

அன்று ரத்தம் எடுக்குமுன், அவள் பார்க்கும்படி தன் கையைத்தான் முதலில் என்னிடம் நீட்டினார். முடிவு வந்தது. இரும்புச்சத்து குறைவு, வைட்டமின் சி அறவே இல்லை என்றே சொல்லலாம். வலி தாங்காமல்தான் குழந்தை காலை ஊன்றவில்லை. சொட்டு மருந்து கொடுத்து, சோற்றில் மட்டும் கலக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்தார்.

மகள் சீக்கிரம் நடக்க வேண்டுமே என்ற தவிப்பில் அம்மா செல்வி கலந்துவிட்டார். மறுநாளே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மோந்து பாத்துட்டு ஒதுக்கிட்டாளுங்க. பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டேங்கறாளுங்க டாக்டரம்மா."

டாக்டர் திட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் எதுவும் இறங்காவிட்டால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று என்னைத் தயாராக இருக்கச் சொன்னார். பிறகு பவித்ராவின் கண்ணெதிரே புதிதாகச் சோறு பிசைந்தார். மருந்துப் புட்டியை அறையின் மறு கோடியில் வைத்தார். வெறும் கைகளை விரித்துக் காட்டினார். ஒரு வாய் தின்றார். மற்ற நோயாளிகளைப் பார்ப்பார், திரும்ப வந்து உட்கார்வார், இன்னொரு வாய் தின்பார். சாயங்காலம் அந்தச் சின்னக் கை டப்பாவுக்குள் போனது. செல்வி சத்தமில்லாமல் அழுதார்.

அதன்பிறகு மருந்து தனிக் கிண்ணத்தில், எல்லோரும் பார்க்க. டாக்டர் ஒரு துளியைத் தன் நாக்கில் விட்டு, முகத்தைச் சுளித்து, கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவார். பவித்ரா அதைத் தொடுவாள், முகர்வாள், தள்ளுவாள். ஒருநாள் குடித்தாள். சில வாரங்களில் சுவரைப் பிடித்து எழுந்து நின்றவள், பிறகு சுவரையும் விட்டாள். எனக்கு இன்றுவரை அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

இனிப் பேசவும் செய்வாளா என்று அப்பா கேட்டார்.

"சத்து வேற, ஆட்டிசம் வேறப்பா. குறைஞ்சத கொடுத்தோம், வலி போச்சு. அவ அவளாவே இருப்பா. அது போதாதா?" என்றார் டாக்டர்.

டாக்டரின் அக்ரஹாரத்து வீட்டில் வாய்க்கரிசிக்கு உறவினர்கள் நின்றிருந்தபோது பவித்ரா வந்தாள். இப்போது என்னைவிட உயரம். கூட்டமும் சத்தமும் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் தெருமுனையிலிருந்து நடந்தே வந்தாள். டப்பாவைத் திறந்து, மூடியில் ஒரு வாய் தயிர்சோறு எடுத்து, டாக்டரின் கைக்கருகே வைத்தாள். யாரோ அதை நகர்த்தப் போக, டாக்டரின் தம்பி தடுத்தார். அவள் காத்திருந்தாள். அவர் முதல் வாய் சாப்பிடாமல் அவள் அவர் முன்னால் சாப்பிட்டதே இல்லை. வெகுநேரம் கழித்து, மூடியை அங்கேயே விட்டுவிட்டு, திறந்த டப்பாவோடு திரும்பினாள்.

டாக்டரம்மா, உங்களுக்கான வாய் வந்து சேர்ந்துவிட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள். பவித்ரா நடந்துதான் வீட்டுக்குப் போகிறாள்.