துபாசி ஞானப்பிரகாசமும் மாரியப்பனின் அப்பீலும்

ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான நான் காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் கூப்பிட்டுக் கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கோலா பிலாவிலிருந்து அரிசி ஏற்றி வந்த லோரிக்காரர் வண்டியை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டி, "கிராணி, நம்ம துபாசி ஐயா நேத்து சாயங்காலம் போயிட்டாருங்க. காய்ச்சல்தான்" என்றார். எந்தத் துபாசி என்று நான் கேட்கவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை போய் ஆறு வருஷமான பிறகும் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் துபாசி என்றால் ஞானப்பிரகாசம் ஒருவர்தான். அன்று நான் பாதிப் பேரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்தான் பிறகு எல்லாவற்றையும் சரிசெய்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய உயரத்தையும், கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டையும், யாரையும் "வாங்க, உட்காருங்க" என்று அழைக்கும் கனத்த குரலையும் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தக் குரல் பேசத்தான் லாயக்கு, பாட அல்ல. மாதா கோவிலில் அவர் பாட ஆரம்பித்தால் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆண்டவர் காது கொடுக்கிறார், உங்களுக்கென்ன வந்தது?" என்பார். இப்படிச் சிரிக்க வைக்கும் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் சௌகரியம். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அந்தச் சௌகரியத்தைத் தேட வெட்கமாக இருக்கிறது.

ஒருமுறை அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல வந்த ரப்பர் பால்வெட்டுக்காரம்மாவிடம் மாஜிஸ்திரேட் துரை ஏதோ சுருக்கமாகக் கேட்டார். ஞானப்பிரகாசம் அதை நீட்டி நிதானமாக, அந்தம்மா தலையாட்டும்வரை தமிழில் சொன்னார். துரைக்கு எரிச்சல். "நான் இரண்டு வார்த்தை கேட்டேன். நீ ஏன் இருபது வார்த்தை பேசுகிறாய்?" என்றார். "துரை அவர்களே, உங்கள் இரண்டு வார்த்தை தோட்டத்து லயம்வரை போய்ச் சேர இருபது வார்த்தை நடக்க வேண்டியிருக்கிறது" என்று இவர் பணிவாகச் சொன்னார். துரை சிரித்துவிட்டார். அன்று சாட்சிக்காரர்களோடு வந்து கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நான், இந்த மனிதரோடு சிநேகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இனி மாரியப்பன் கதைக்கு வருகிறேன்.

ரப்பர் விலை படுத்துக்கொண்ட காலம் அது. தோட்டந்தோட்டமாக ஆட்களைக் குறைத்து, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக் கொண்டிருந்தார்கள். லாபு பக்கத்துத் தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள், நடந்தே வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வேலு என்று ஒருவன் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தான். மாரியப்பன் இரக்கப்பட்டு வீட்டில் இடம் கொடுத்தான். நான்கு நாள் மாரியப்பனின் மனைவி அஞ்சலை கையால் சாப்பிட்டான். அவர்கள் குழந்தைகள் இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மாரியப்பனுக்குப் பழைய வயிற்றுக்கடுப்பு. அதற்காக சர்க்கார் கடையில் வாங்கிய அபினைக் கொஞ்சம் சிமிழில் வைத்திருந்தான். வாங்கி வைத்துக்கொள்வது குற்றமில்லை, அடுத்தவனுக்கு விற்றால்தான் குற்றம். அதில் மிளகளவு கிள்ளிக் கொடுத்தான்.

வேலு பத்து காசு நீட்டினான். மாரியப்பன் வாங்கவில்லை. "மருந்தை சும்மா வாங்கினா கேக்காதுண்ணே, உனக்குத் தெரியாதா?" என்றான் வேலு. நம் ஜனங்களில் யாருக்குத்தான் தெரியாது? வைத்தியர் பணம் வேண்டாம் என்றாலும் வெற்றிலையிலாவது ஒரு காசு வைத்துவிட்டுத்தானே மருந்தைத் தொடுகிறோம். அவன் வயிறு சரியாக வேண்டுமே என்று மாரியப்பன் அந்தக் காசை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டான். காசில் முன்பே அடையாளக் கீறல் போட்டிருந்தார்கள். வேலு போலீஸ் ஆள். ஒரு மணி நேரத்தில் காக்கிச் சட்டைகள் லயத்துக்கு வந்துவிட்டன. அபின் வியாபாரியைப் பிடிக்கத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். வியாபாரி அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்ப அவனுக்கு மனமில்லை போலிருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இந்தத் தந்திரம் தோன்றியிருக்காது. நம் வழக்கத்தை நம் ஆளே எடுத்துக் கொடுத்தான். இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

ஆனால் அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தோட்டத்தின் சார்பில் கோர்ட்டுக்குப் போனவன் நான். வராந்தாவில் விலங்கோடு நின்ற மாரியப்பன், "கிராணி, தொரை கேட்டா நான் என்னாங்க சொல்றது?" என்றான். பால் நிறுக்கும் நேரத்துக்குள் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. "எது கேட்டாலும் ஆமாங்க தொரைன்னு சொல்லிடு. எதுத்துப் பேசாதே. அபராதம் போட்டு விட்டுருவாங்க" என்றேன். இதைத்தானே தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தோம்? துரை முன்னால் இல்லை என்பவன் திமிர் பிடித்தவன். கங்காணி முதல் கிராணி வரை எல்லாரும் பிழைப்பது அந்த ஆமாமில்தான்.

அன்று பதினான்கு வழக்குகள். ஞானப்பிரகாசத்துக்கு அன்றும் காய்ச்சல், கண்கள் சிவந்திருந்தன. குற்றப்பத்திரிகையைத் தமிழில் சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். "ஆமாங்க தொரை" என்றான் மாரியப்பன். துபாசி ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஒன்றரை வருஷம் கடுங்காவல், அது முடிந்ததும் நாடு கடத்தல். அஞ்சலை வாசலில் குழந்தைகளோடு நின்று, "அபராதம் எவ்வளவுங்க கிராணி?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஞானப்பிரகாசம் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அவனை யார் சொல்லச் சொன்னது?"

நான்தான் என்று சொன்னேன்.

"அந்த ஆமாம், ஆமாம் இல்லைன்னு எனக்குத் தெரியும் கிராணியாரே. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். காய்ச்சல், சீக்கிரம் முடியட்டும்னு விட்டுட்டேன். நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ரெண்டு பேருமா சேர்ந்து அவனை உள்ள தள்ளியிருக்கோம்" என்றார். சிரம்பானில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டே வந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீல் லேசில் கிடைக்காது, அந்த ஒப்புதல் எப்படி வந்தது என்று சத்தியம் செய்து சொல்ல ஆள் வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம். "நான் என் பங்கை எழுதித் தரேன். நீங்க உங்க பங்கை எழுதிக் குடுங்க."

கிராணிகளையும் வீட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்த நேரம். கோர்ட்டில் தோட்டத்து ஆளுக்காக நான் சத்தியம் செய்தால் பெரிய துரை என்னை வைத்திருப்பாரா? "மூணு புள்ளைங்கய்யா எனக்கு" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி" என்று சொல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்பீல் அன்று ஏதோ தோட்டத்து வேலையாகப் போனவனைப் போல நானும் சிரம்பானுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஞானப்பிரகாசம் தம் வழக்கமான இடத்தில் இல்லாமல் சாட்சிக் கூண்டில் நின்றார். "அந்தப் பதிலை நான் நம்பவில்லை. நம்பாமலே மொழிபெயர்த்தேன். அது என் தவறு" என்றார். நீதிபதி நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஞானப்பிரகாசம், "எதை வேண்டுமானாலும் அவனிடம் கேட்டுப் பாருங்கள்" என்றார். நீதிபதி சற்று யோசித்துவிட்டு மாரியப்பனைப் பார்த்து, "இந்தக் கோர்ட்டுக் கட்டடம் உன்னுடையதா?" என்று கேட்டார். புதுத் துபாசி அதைத் தமிழில் சொன்னார்.

மாரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க தொரை" என்றான்.

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். மாரியப்பனுக்கு எதற்கு எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஞானப்பிரகாசம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக் கொண்டிருந்தார்.

தண்டனை ரத்தாயிற்று. மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். வேலு எங்கே போனான் என்று போலீஸால் சொல்ல முடியவில்லை, வழக்கு அப்படியே விழுந்துவிட்டது. நாலு மாதம் உள்ளே இருந்து மாரியப்பன் வெளியே வந்தபோது தோட்டத்தில் அவன் பேர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கை என்னுடையதுதான், துரை உத்தரவு. அஞ்சலையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லாபு பக்கம் போனான். தன் மொழிபெயர்ப்பையே நம்பாத துபாசி கோர்ட்டுக்கு எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். இரண்டு மாதத்தில் ஞானப்பிரகாசத்துக்கும் சீட்டுக் கிழிந்தது. அதன்பிறகு கோலா பிலாவில் மரைக்காயர் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் ஒரு மேசை போட்டு, ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே காலத்தைத் தள்ளினார். அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் விடவில்லை.

சம்பள வாரத்தில் நான் டவுனுக்குப் போவேன். அந்த மேசையைக் கடக்காமல் போக வழியில்லை. முதல் தடவை எதிர்ப்பக்கமாக நழுவப் பார்த்தேன். "வாங்க கிராணியாரே, உட்காருங்க" என்று அவரே கூப்பிட்டார். மரைக்காயரிடம் இரண்டு டீ சொன்னார். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது. மழையைப் பற்றியும் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுவோம். அந்த வழக்கைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை.

போன மாதம் நானே கேட்டுவிட்டேன். அப்பீலுக்குக் கொடுத்த சத்தியப் பத்திரத்தில் என் பெயரை ஏன் எழுதவில்லை, நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் எழுதியிருக்கலாமே, பழியில் பாதி குறைந்து உங்கள் வேலையாவது தப்பியிருக்குமே என்றேன். இரக்கத்தால் விட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே உண்மை.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எழுதியிருந்தா உங்களைக் கூண்டில ஏத்திக் கேட்டிருப்பாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு நீங்க பைபிளைத் தொட்டே சத்தியம் பண்ணியிருப்பீங்க. கேஸ் அங்கேயே செத்திருக்கும், மாரியப்பன் உள்ளேயே கிடந்திருப்பான். அதான் விட்டேன்" என்றார். பிறகு, "ஆறுது, குடிங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் பொய்ச் சத்தியம்தான் செய்திருப்பேன். என்னை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டும் ஆறு வருஷம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்த மனிதர் போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பதில் ஒன்றுதான். மாரியப்பனை ஆமாம் சொல்லச் சொன்னவன் நான். அப்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதை, அவரைப் புதைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.