கணப்பு இவளுக்கு, ஜன்னல் அவருக்கு

எங்கள் ஆஷ்கோம்ப் மாளிகையைப் பதினொரு ஃபிளாட்டுகளாக வெட்டியவனை நான் இன்னமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு காலத்தில் விருந்தும் நடனமுமாக இருந்த கீழ்த்தளக் கூடத்தின் நடுவே மெல்லிய பலகைச் சுவர் ஒன்றை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். குளிர்காயும் கணப்பு ஒரு பக்கம் மாட்டியது, தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல் மறுபக்கம். உட்கூரையில் சுண்ணாம்பில் செய்த பூவில்கூடப் பாதி இங்கே, பாதி அங்கே.

கணப்புப் பக்கத்தில் மேவிஸ் ஓக்லி, என் வயதுக்காரி. முப்பது வருஷம் ஷ்ராப்ஷயர் கிராமங்களுக்கு நூலக வண்டி ஓட்டியவள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்றால், "வண்டிய நிறுத்த நேரம் கிடைக்கல" என்பாள். ஜன்னல் பக்கத்தில் மிஸ்டர் ரட்லேஜ், மனைவியை இழந்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பத்தொன்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. வாசலில் பார்த்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

"காலையில அவர் கெட்டில் சத்தம் கேட்டாத்தான் என்னோடத வைப்பேன்" என்று ஒருநாள் மேவிஸ் என்னிடம் சொன்னாள். "அப்புறம் ரெண்டு பேரும் செய்தி கேப்போம். அவர் ரேடியோதான். எனக்கெதுக்குத் தனியா ஒண்ணு?"

"அவர்கிட்ட சொல்லேன், சந்தோஷப்படுவார்."

"நீ ஒருத்தி. ஒட்டுக்கேக்கறேன்னு நினைச்சுப்பார்."

அந்த வருஷக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ரட்லேஜ் எழுந்து நின்றார். "என் இருமலும் ரேடியோவும் மிஸ் ஓக்லிக்குத் தொந்தரவா இருக்கும். சத்தம் தடுக்கிற பலகை அடிச்சிடலாம். என் பக்கமே அடிக்கட்டும், அவங்களுக்குத் தூசி வேண்டாம்."

எல்லோரும் மேவிஸைப் பார்த்தோம். அவள் கழுத்துவரை சிவந்துவிட்டது. சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மிஸ்டர் ரட்லேஜுக்கு எது வசதியோ, அதுவே எனக்கும்" என்றாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். சங்கத்தின் செயலாளரும் நான்தான். வாயைத் திறக்காமல், 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே மாதம் வேலை முடிந்தது. பழைய கட்டடம் என்பதால் உட்கூரையில் இருந்த அந்தப் பூவைத் தொடக்கூடாது என்று சட்டம். ஒவ்வொரு இதழின் வளைவுக்கும் பொருந்தும்படி பலகையின் விளிம்பை அறுத்தார்கள். மேவிஸ் புது ரேடியோ வாங்கினாள். "நல்லாத்தான் பேசுது. இருமவே மாட்டேங்குது" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, தபால் பெட்டியருகே ரட்லேஜ் என்னை நிறுத்தினார். "மிஸ் ஓக்லி நல்லா இருக்காங்களா? சத்தமே காணோமே."

"அதுக்குத்தானே பலகை?"

"என் சத்தம் அங்க போகக்கூடாதுன்னுதான் அடிச்சேன். அவங்க சத்தம் இங்க வராமப் போயிடும்னு எனக்குத் தோணவே இல்ல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவங்க கணப்பக் கிளறுற சத்தத்துலதான் நான் எழுந்திருப்பேன்."

"போய்க் கதவத் தட்டுங்களேன்."

"என்ன காரணம் சொல்லி?"

எனக்கு வந்த கோபத்தில் நேரே மேவிஸிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். முகமெல்லாம் மலர, "அவரா சொன்னார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். தலையைச் சரிசெய்துகொண்டு என்னோடு வாசல்வரை வந்தாள். நாலடி தள்ளி அவர் கதவு. அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இப்ப வேண்டாம். தூங்கிட்டிருப்பார்" என்று சொல்லித் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது காலை பதினொரு மணி.