ஆறு வீடுகளுக்கு ஒரு செம்புக் கம்பி

உர்சுலா, சுங்கைவே வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாளெல்லாம் ஈயப்பற்று வைப்பவள். அவள் பற்றவைத்த எதுவும் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 1978இல், பிரிக்பீல்ட்ஸின் அந்த ஆறு வீட்டு வரிசையில், மின்சாரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பினார்கள், அவள் சொன்னதைத் தவிர.

கிள்ளானில் கலைந்துபோன ஓர் இசைக்குழுவிடமிருந்து சிவப்பு நிற எலெக்ட்ரிக் கித்தாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்தாள். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் இரண்டு கால். சுவரில் மூன்று துளை. இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழி ஊரறிந்தது. மேல் துளையில் சீனர் சாப்பிடும் மரக்குச்சியான சாப்ஸ்டிக்கைச் செருகினால் கீழ்த் துளைகள் திறந்துகொள்ளும். அப்பா கபிரியேல் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார். இசை வந்தது. கூடவே தேனீக்கூட்டம் போல ஓர் இரைச்சலும் வந்தது.

உர்சுலா புத்தகம் எடுத்துப் படித்தாள். மூன்று இழை வயர் வாங்கி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இழையை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடலோடு பற்றவைத்து, மூன்று கால் பிளக் போட்டாள். இரைச்சல் அடங்கியது.

அடுத்த செவ்வாய் மாலை, சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று கித்தாரின் தந்தியைத் தொட்டாள். ஷாக் அவளைத் தூக்கியடித்தது.

புதன், வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி மாலை மறுபடியும் அடித்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தொட்டாள், அப்போதும் அடித்தது.

கடைசி வீட்டுக் கன்னையா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "செவ்வா வெள்ளியில மட்டும் அடிக்குது, ஆஃப் பண்ணாலும் அடிக்குதுன்னா அது கரண்டு இல்ல லா. செத்தவன் எவனோ வாசிச்ச கித்தாரு."

கித்தாரின் கழுத்தில் அம்மா ஜோசஃபின் ஜெபமாலையைப் போட்டார். கன்னையா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். வேறெதில் ஒன்றுசேராவிட்டாலும் மூடத்தனத்தில் நம் மக்கள் எவ்வளவு சுலபமாக ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள்!

"குச்சி வச்சி மாட்டுனப்ப ஏதாச்சும் ஆச்சா?" என்று கபிரியேல் கத்தினார். "நீ நோண்டுன, அதான். அடுத்த ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள இது வீட்ட விட்டுப் போயிடணும்."

உர்சுலாவுக்கு வேறு சேமிப்பு இல்லை, வேறு ஆசையும் இல்லை. அந்தக் கித்தார் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னை எடுத்தாள். தந்தியில் வைத்தாள், அதன் சிறு விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள், எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினாள், அணைந்தது. சுவரின் மேல் துளையில், எர்த் துளையில், வைத்தாள். எரியவே கூடாத இடம் அது. எரிந்தது. ஆக, கோளாறு கித்தாரில் இல்லை, சுவரில்.

ஆனால் செவ்வாயும் வெள்ளியும் ஏன்? அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி போட்ட துணி சூடாகும் வாசனை வந்தது. தங்கமணி அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரித் தாதியர் சீருடைகளை வாங்கித் தேய்த்துக் கொடுப்பவர்.

"அக்கா, இஸ்திரிப்பெட்டி பிளக்க ஒரு நிமிசம் புடுங்குங்க!"

விளக்கு அணைந்தது.

"போடுங்க!"

எரிந்தது.

"என்னாடி, என்னைய வச்சு வெளையாடுறியா?"

"உங்க பெட்டிதான்க்கா எங்க வீட்டுப் பேய். கரண்டு கசியுது."

"அடிப்பாவி! கையி குறுகுறுங்குதேன்னு ஒரு மாசமா தைலம் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன்!" பலகைமேல் செருப்போடு நின்று தேய்த்ததால் தப்பித்தவர் அவர்.

கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? ஆறு வீட்டு எர்த் இழைகளும் சேர்ந்து ஒரே பச்சை வயராகப் பின்சுவரில் இறங்கின. உர்சுலா அந்த இடத்தைத் தோண்டினாள். நான்கு விரல் ஆழத்தில் வயர் வெறுமனே முடிந்தது. அங்கே அடித்து இறக்கியிருக்க வேண்டிய செம்புக் கம்பி இல்லை. போக வழியில்லாத மின்சாரம் அந்த வயர் வழியாகவே சுற்றி வந்து, ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடல் வழியே அவள் தந்தியில் ஏறியது. சாப்ஸ்டிக் இருந்தவரை அந்த வழி அடைபட்டிருந்தது. முறையாகச் செய்தவளுக்குத்தான் அடி விழுந்தது.

ஆறு வீடு. ஈரக் கையோடு ஓடும் பதினான்கு பிள்ளைகள். ஒரே ஒரு கம்பியை மிச்சம் பிடித்திருக்கிறார் வீடுகளின் சொந்தக்காரர் ஜெயராஜ். கோயில் மின்விசிறியில் அவர் பெயர் இருக்கிறது. மாதா கோயில் பெஞ்சிலும் இருக்கிறது. மண்ணுக்குள் புதைப்பதில் பெயர் எழுத முடியாதே!

உர்சுலாவின் நச்சரிப்புத் தாங்காமல் கபிரியேல் ஆள் அனுப்ப, வெள்ளி மாலை ஜெயராஜ் வந்தார். காலில் பளபளக்கும் சப்பாத்து. வாசலில் வரிசையே கூடியிருந்தது.

"என்னா கபிரியேல், பொண்ணு எலக்ட்ரீசியன் ஆயிட்டாளாமே? கட்டிப் பன்னெண்டு வருசம் ஆச்சு, ஒரு கம்ப்ளெய்ன் இல்ல. பொம்பளப் புள்ளைக்கு கித்தார் எதுக்கு? வித்துடு, சரியாயிடும்."

"லைன்ல கோளாறு இல்லையா அங்கிள்?" உர்சுலா கேட்டாள்.

"இல்லம்மா."

அவள் மரப்பகுதியைப் பிடித்துக் கித்தாரை நீட்டினாள். "அப்ப சப்பாத்தக் கழட்டிட்டு இந்தத் தந்தியத் தொடுங்க. அக்கா, பெட்டி போட்டாச்சா?"

"போட்டாச்சுடி!" சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

ஜெயராஜின் கைகள் காற்சட்டைப் பைக்குள் போயின. "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா."

"வாசிக்க வேணாம். தொட்டாப் போதும்."

"தொடுங்க பாஸ், பயப்படாதீங்க," என்றார் கன்னையா. "எலுமிச்சம்பழம் கட்டியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். கபிரியேல் சிரிக்கவில்லை. பைக்குள் இருந்த அந்தக் கைகளையே பார்த்தார்.

"எம்மவ மூணு அடி வாங்கியிருக்கா. நீங்க ஒருக்கா தொட மாட்டேங்கிறீங்க. அப்ப ஒங்களுக்குத் தெரியும். கித்தார் எங்கயும் போகாது. கம்பிய அடிங்க."

திங்கட்கிழமை இரண்டு ஆட்கள் வந்து அரை மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருட அநியாயத்துக்கு அரை மணி நேர வேலை! குடியிருப்போர் நலனுக்காகத் தானே முன்வந்து செய்ததாக ஜெயராஜ் சொல்லித் திரிந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கமணியின் பெட்டியை உர்சுலாவே சரிசெய்தாள்.

மறுநாள் செவ்வாய். தங்கமணி துணி தேய்த்தார். உர்சுலா வெறுங்காலோடு நின்று வாசித்தாள். நன்றாக வாசித்தாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். தெரிந்தது இரண்டே பாட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் வாசித்தாள்.

கடைசி வீட்டிலிருந்து கன்னையா கத்தினார்: "முந்தியாச்சும் ஷாக் அடிச்சா நிறுத்துவா லா. இனிமே யாரு நிறுத்துறது?"